மான் குறுக்கே வரும்

எங்கள் மினசோட்டா பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போவது சுலபம், கிளம்பி வருவதுதான் பெரும்பாடு. "சரி, அப்ப..." என்று தொடையைத் தட்டி எழுந்தால் அது ஆரம்பம். பிறகு சமையலறையில் நின்று கொஞ்சம், வாசலில் கோட்டு மாட்டியபடி கொஞ்சம், கார் பக்கத்தில் கொஞ்சம், கடைசியில் கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டு இன்னும் கொஞ்சம். மேஜையில் உட்கார்ந்திருக்கும்வரை எங்கள் ஆண்கள் பனியையும் டிராக்டரையும் பற்றித்தான் பேசுவார்கள். மனதில் உள்ளது கார் ஜன்னலில்தான் வெளியே வரும். அதுவும் முடிந்தபின், "மான் குறுக்க வரும், பாத்துப் போ" என்பார்கள். அன்பைப் பற்றி அதற்குமேல் அவர்கள் வாய் திறந்து நான் கேட்டதில்லை.

என் கணவன் ஆர்லனுக்கு இந்தப் பொறுமையே கிடையாது. என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன், ஆகவே எனக்கு என்றைக்கும் அவன் இவன்தான். வாலிப வயதிலிருந்து பார்சல் வேன் ஓட்டினான். படியில் பெட்டியை வைத்து, மணியை அடித்து, நாய் எழுந்து குரைப்பதற்குள் அடுத்த தெருவில் இருப்பான். வீட்டிலும் அதே ஓட்டம்தான். சூப்பை அடுப்படியில் நின்றே குடிப்பான். ஞாயிறுதோறும் அவன் அண்ணன் ஓர்வில் வீட்டுக்குப் போவோம். மனைவி இறந்தபின் பண்ணையில் தனியாக இருப்பவர். காப்பி ஆறுவதற்குள் ஆர்லன் கையில் சாவி ஆடும். ஓர்வில் வாசலுக்கு வருவதற்குள் எங்கள் கார் கேட்டைத் தாண்டியிருக்கும்.

வசந்தத்தில் அவன் நெஞ்சு நின்றுபோகப் பார்த்தது. ரத்தக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்து அனுப்பிய டாக்டரம்மா, "ஓடுனது போதும்" என்றார். வேனை விட்டான். ஆனால் கோடை முழுக்க வீட்டுக்குள் வாலில் தீப்பட்ட பூனையாகத்தான் திரிந்தான், வெட்டிய புல்லையே திரும்ப வெட்டினான். நவம்பரில் பார்சல் டிப்போவிலிருந்து கூப்பிட்டார்கள். கிறிஸ்துமஸ் பார்சல் நெரிசலுக்கு ஆள் வேண்டுமாம், திங்கள் காலை பதில் சொல்ல வேண்டுமாம்.

"கொஞ்ச நாள்தானே வெர்னா. சும்மா உக்காந்து சாகறதுக்கு ஓடிக்கிட்டே சாகலாம்."

"அப்ப வீட்டுக்கு எப்படி வருவ? பார்சல்லயா?" என்றேன்.

சிரித்தான். செவிடன் காதில் ஊதிய சங்கு. எனக்கோ இந்தக் குளிர்காலத்தில் யார் வீட்டுப் படியிலாவது விழுந்து கிடப்பான் என்றே தோன்றியது.

அந்த ஞாயிறு ஓர்வில் வீட்டில் ஒரு காரியம் செய்தேன். ஆர்லன் கோட்டிலிருந்து கார்ச் சாவியை எடுத்து, வாசலில் கழற்றி வைத்திருந்த என் பூட்ஸுக்குள் போட்டேன். வேலைக்குத் திரும்புமுன் ஒரு நாளாவது அண்ணன் வீட்டில் உட்காரட்டும் என்ற கோபம்தான். வேறு நோக்கம் இல்லை.

வழக்கம்போல எழுந்தான், பைகளைத் தடவினான். "வெர்னா, சாவியப் பாத்தியா?"

"நீதானே வச்சிருந்த?"

"போனா போகட்டும் விடுடா, காப்பி ஊத்தறேன்" என்றார் ஓர்வில்.

வேறு வழியில்லாமல் உட்கார்ந்தான். நான் சுட்டுக் கொண்டுபோன 'ஆப்பிள் பை' பலகாரத்தில் ஒரே ஒரு துண்டு மிச்சம். எங்கள் ஊரில் கடைசித் துண்டை யாரும் எடுப்பதில்லை. ஓர்வில் அதில் பாதியை வெட்டிக்கொண்டார். ஆர்லன் மிச்சத்தில் பாதி, நான் அதில் பாதி. கடைசியில் கட்டைவிரல் அளவுக்குத் தட்டில் கிடந்ததை மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அண்ணனும் தம்பியும் சேர்ந்தாற்போல் சிரித்துவிட்டார்கள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகுநாளாயிற்று.

இருட்டும் நேரத்தில் பூட்ஸுக்குள் காலை விட்டு, "அட, இங்க கெடக்கு!" என்றேன்.

"ஓகோ, சாவியே நடந்து போச்சா?" என்றான் ஆர்லன். ஆனால் முகத்தில் கோபம் இல்லை.

காரைக் கிளப்பிக் கண்ணாடியை ஏற்றப் போனவனின் கையைப் பிடித்தேன். "இரு, எனக்குக் காத்து வேணும்." வெளியே பல் கிட்டும் குளிர்.

ஓர்வில் மெல்ல வந்து ஜன்னலில் கையை ஊன்றினார். டயரைப் பற்றிப் பேசினார். பிறகு, "செவ்வாக்கெழம ஃபார்கோ ஆஸ்பத்திரிக்குப் போறேன். நெஞ்சத் தொறந்து வால்வு மாத்தணுமாம்" என்றார்.

"எப்பருந்து தெரியும் உனக்கு?"

"ஆகஸ்ட்லருந்து."

"ஏன் சொல்லல?"

"சொல்லத்தான்டா வருவேன், ஒவ்வொரு வாரமும். நான் ஜன்னல்கிட்ட வர்றதுக்குள்ள நீ கேட்டத் தாண்டிடுவ."

ஆர்லன் இன்ஜினை அணைத்தான்.

"யாரு கூட்டிட்டுப் போறா?"

"நானே ஓட்டிட்டுப் போலாம்னு..."

"கூறு கெட்டவனே" என்று அண்ணனைத் திட்டியபடி கதவைத் திறந்து இறங்கினான். மூவரும் திரும்ப உள்ளே போனோம். முதலிலிருந்து விடைபெற ஆரம்பித்தோம்.

திங்கள் காலை டிப்போவுக்குப் போன் செய்தான். "நாளைக்கு முடியாது" என்றான். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "அடுத்த வாரமும் முடியாது. எங்கண்ணன் வீட்ல காப்பி குடிக்கப் போறேன். எப்ப முடியும்னு சொல்ல முடியாது." போனை வைத்துவிட்டு, சூப்புக் கிண்ணத்தோடு வந்து என் எதிரே உட்கார்ந்தான். நான் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஓர்வில்லைப் படுக்கையோடு தள்ளிக்கொண்டு போனார்கள். கம்பியைப் பிடித்தபடி ஆர்லன் கூடவே நடந்தான், அது உருண்ட வேகத்தில். பெரிய கதவருகே நர்ஸ், "இதுக்கு மேல வரக்கூடாது" என்றாள்.

"சரி, அப்ப..." என்றார் ஓர்வில். ஊசி குத்தியிருந்த கையால் போர்வையைத் தட்டினார்.

ஆர்லன் குனிந்தான். போர்வையை இழுத்துச் சரிசெய்தான். பிறகு, "மான் குறுக்க வரும்" என்றான். "பாத்துப் போ."

நர்ஸும் எங்கள் பக்கத்துப் பெண்தான் போலிருக்கிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஓர்வில் பத்திரமாகத் திரும்பி வந்தார். கடவுளுக்கு நன்றி சொல்லாமல் நான் தூங்கும் நாளே இல்லை. இப்போது ஒவ்வொரு ஞாயிறும் காருக்குள் கால் மரத்துப்போய் உட்கார்ந்திருப்பது நான்தான்.

"ஆர்லன், கெளம்பலாமா?" என்று கத்துவேன்.

"இருடி," என்பான் வாசலிலிருந்து. "அண்ணன் இன்னும் ஜன்னலுக்கே வரல."