கிணற்றடிக் கீரை

சுன்னாகம் சந்தைக்குக் கட்டுக்கட்டாகக் கீரை கொடுக்கிற வீட்டில், நாலு வயதுப் பிள்ளைக்கு இரத்தம் காணாது என்று கிளினிக்கில் சொன்னால் தாய்க்காரிக்கு எப்படி இருக்கும்? வெட்கம் பிடுங்கித் தின்றது. அங்கிருந்த மிட்வைஃப் என் கணவரையும் கூப்பிட்டார்.

"தகப்பன் சாப்பிடுறதைப் பாத்துத்தான் பிள்ளையும் சாப்பிடும். பக்கத்திலை இருந்து கீரை சாப்பிட்டுக் காட்டுங்கோ."

மனிதர் நிலத்தைப் பார்த்துத் தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும் பழைய கதைதான். முட்டைப் பொரியலும் சொதியும் சாப்பிட்டுவிட்டு எழும்பிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஊருக்கெல்லாம் கீரை விக்கிறியள். பிள்ளைக்கு முன்னாலை ஒரு வாய் வைக்க ஏலாதோ?"

"நேற்று மருந்தடிச்ச கீரை. அதையோ அவளுக்குத் தீத்தப் போறீர்?"

பூச்சிமருந்து அடித்தால் சில நாள் விட்டுத்தான் பிடுங்க வேண்டும். விலை நல்லாயிருந்தால் எங்கள் தோட்டத்தில் யார் நாள் பார்த்தது? அதைத் தெரிந்துதான் அவர் வாயில் வைக்கவில்லை.

பிறகு கிணற்றடியில் அவளுக்கென்று இரண்டு பாத்தி போட்டார். மருந்து கிடையாது. தகப்பனும் மகளுமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். புழுவை அவள் ஈர்க்கால் தட்டித் தகரப் பேணியில் போடுவாள். இரவில் அவர் குழைத்துத் தான் ஒரு வாய், அவளுக்கு ஒரு வாய். பிள்ளையின் முகம் தெளியத் தொடங்கியது. என் வயிறு குளிர்ந்தது.

அவள் போகிற முன்பள்ளியில் மதியச் சமையலுக்கு வீட்டுக்கு வீடு முறை வைத்து மரக்கறி கொடுப்போம். எங்கள் முறைக்கு அவர் காலையிலேயே ஒரு பை கீரையும் பிள்ளையுமாகப் போய், அவளை அங்கே விட்டுவிட்டு வந்தார். மத்தியானம் உடுப்புத் தோய்க்கக் கிணற்றடிக்குப் போனேன். பாத்தி இரண்டும் அப்படியே நின்றன.

"எங்கையிருந்து பிடுங்கினியள்?"

"உந்த ரெண்டு பாத்தி அவ்வளவு பேருக்கும் காணுமோ? எங்கடை பிள்ளையைச் சாப்பிட வேண்டாமெண்டு சொல்லித்தான் விட்டனான்."

"அட பாவி மனிசா! மற்றதுகள் பிள்ளையள் இல்லையோ?"

விழுந்தடித்து ஓடினேன். அங்கே சாப்பாடு முடிந்து கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். என் மகள் மட்டும் வெறுஞ்சோறு தின்றிருக்கிறாள். "சந்தைக்குப் போற கீரை, ரீச்சர். மருந்தடிச்சது" என்று பிள்ளைக்கு முன்னாலேயே சொல்லி அழுதேன். ரீச்சர் ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டுப் பார்த்தார். ஒரு பிள்ளைக்கும் அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. உள்ளே போனது என்ன செய்யுமோ, யாருக்குத் தெரியும்?

அன்றிரவு அவர் கிணற்றடிக் கீரையைத் தானே பிடுங்கி வந்தார். சமைத்துக் கொடுத்தேன். அவள் பார்க்க ஒரு வாய் சாப்பிட்டார். அடுத்ததை அவளுக்கு நீட்டினார்.

"ஆ காட்டு, அம்மா. உன்ரை பாத்திக் கீரை."

அவள் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். அவருடைய கை நீட்டியபடியே நின்றது.

"எனக்கு வேண்டாம், அப்பா. உந்தக் கீரையை மற்றப் பிள்ளையளுக்குக் குடுங்கோ."