கோச்சுக்குச் சொல்லாதே

கனடாவில், மில்லிக்கன் என்ற இடத்தில் ஒரு வீட்டுக்கு, முதியவரைப் பராமரிக்கும் வேலைக்குப் போகிறேன். அவர் தொண்ணூறை நெருங்கிய அமெரிக்கர். இளம் வயதில், பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அந்த புட்போல் ஆட இங்கே வந்து, ஒன்பது வருடம் சம்பளத்துக்கு ஆடியவர். எதிரே வருபவனைத் தலையால் இடித்து விழுத்துவதுதான் வேலை. விரல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசை பார்க்கும். நினைவு அடிக்கடி தப்பிப்போகும்.

முதல் நாள் அவருடைய அறைக்கதவை மெல்லத் தட்டினேன். உள்ளே ஏதோ பாரமானது இழுபடும் சத்தம். கதவு திறபடவில்லை.

"என்னால இன்னும் ஓட ஏலும்! போய்ச் சொல்லு!" என்று ஆங்கிலத்தில் கத்தினார்.

சண்டைக் காலத்தில், யாழ்ப்பாணத்தில் கதவு தட்டுப்பட்டால் நாங்களும் பயத்தில் மூச்சுக் காட்டாமல் இருந்தவர்கள்தான்.

அவருடைய மனைவி ஓடி வந்து, இனித் தட்ட வேண்டாம் என்றார். பயிற்சி முகாமில் உதவிக் கோச் காலையில் யாருடைய கதவைத் தட்டுகிறாரோ, அவன் அணியை விட்டுப் பெட்டி கட்ட வேண்டுமாம். அந்தப் பயத்தில், விலா எலும்பு உடைந்ததை மறைத்து மூன்று ஆட்டம் ஆடியிருக்கிறார். தலையில் அடிபட்டு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தபோதும் வாய் திறக்கவில்லை. ஒன்பதாம் வருடம் அவருடைய கதவையும் தட்டிவிட்டார்கள்.

அதன்பிறகு மாடிப்படியிலிருந்தே "வாறன்" என்று குரல் கொடுத்தபடி போவேன். அந்தத் தமிழ்ச் சொல் அவருக்குப் பழகிவிட்டது.

போன மாசியில் ஒரு காலை. அவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தேன். திடீரென்று வலக்கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். எலும்பு நொந்தது.

"இடப்பக்கம் ஒண்டும் தெரியேல்லை," என்று கிசுகிசுத்தார். "கோச்சுக்குச் சொல்லாதே."

அன்றைய கதையா, இன்றைய கதையா? முகம் துடைக்கும் துவாயை அவருடைய இடப்பக்கம் அசைத்தேன். கண் திரும்பவில்லை. சிரிக்கச் சொன்னேன். வாயின் இடப்பக்கம் தொங்கியே நின்றது. அம்புலன்ஸை அழைத்தேன்.

"சொல்லிப்போட்டாய்," என்றார். அந்தப் பெரிய உடம்பு குலுங்கி அழுதது.

"உங்களை ஒருத்தரும் வெளியில அனுப்பேல்லை," என்று காலடியில் முழந்தாளிட்டுத் திரும்பத் திரும்பச் சொன்னேன். என் குரலை நானே நம்பவில்லை.

பாரிசவாதம். நேரத்தோடு கொண்டுவந்ததால்தான் தப்பினார் என்றார் டொக்டர். மூன்று கிழமையில் வீட்டுக்கு வந்தார். இடப்பக்கப் பார்வை முழுதாகத் திரும்பவில்லை.

இப்போது என்னைக் கண்டதும், கோச்சைக் கண்டவர்போல முதுகை நிமிர்த்தி உட்காருகிறார். கேட்க முன்பே, ஒரு நோவும் இல்லை என்கிறார். முகம், கை, நடை என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். எதை மறைக்கிறார் என்று தெரியவில்லை. வேலை முடிந்து காரில் ஏறியும், உடனே அதைக் கிளப்ப மனம் வருவதில்லை.