அண்ணன் வயிற்றில் இல்லாத கோழி

அண்ணன் நம்மை விட்டுப் போய் ஒரு வருடம் நிறைகிறது. அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். நல்லது நிறைய இருக்கிறது. நடுநடுவே மற்றதும் வரும், உறவுகள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இண்டூருக்குப் பக்கத்தில் பிறந்தோம். அப்பா சீக்கிரமே தவறிவிட்டதால், மீசை முளைக்கும் முன்பே அண்ணன் பொம்மிடி ரயிலடியில் மூட்டை தூக்கப் போனார். அந்தக் கூலியில்தான் எனக்குக் கல்யாணம் செய்துவைத்தார். பிறகு நிலம் வாங்கித் தக்காளி போட்டார். எனக்குப் பல்லெல்லாம் கொட்டிய பிறகும் "பாப்பா" என்றுதான் கூப்பிடுவார். கோபம் வராது, பொய் வராது. களி உருண்டையைப் பார்த்தால் மட்டும் அடக்கம் வராது.

அப்படிப்பட்டவர் அரை உருண்டையிலேயே கையைக் கழுவ ஆரம்பித்தார். நாலு வாய்க்கே வயிறு நிறைந்துவிட்டது என்றார். நெஞ்சுக்குக் கீழே எரிச்சல், ஓயாத ஏப்பம். சோடா குடித்தார், சீரகத் தண்ணீர் குடித்தார், மெடிக்கலில் கேஸ் மாத்திரை வாங்கிப் போட்டார். போட்டால் அடங்கும், விட்டால் வரும். மாதக்கணக்கில் இப்படியே போனது. சட்டை தொளதொளவென்று தொங்கியது.

வீடு தேடி வந்து பிரஷர் பார்க்கும் நர்சம்மாவிடம் அண்ணி இதைச் சொல்லிவிட்டார். அந்தப் பெண் ஒவ்வொன்றாகக் கேட்டது. மலம் தார் மாதிரி கறுப்பாகப் போகிறது என்பதை அண்ணன் அன்றைக்குத்தான் வாய் திறந்து சொன்னார்.

"தாத்தா, இந்த வயசுல இத்தினி நாளா வயிறு சரியில்ல, எடையும் எறங்குது, கறுப்பாவும் போவுதுன்னா கேஸ் மாத்திர போட்டுக்கிட்டு வூட்டுல உக்காந்திருக்கக் கூடாதுங்க. உள்ள ரத்தம் கசியுதோ என்னமோ. டவுனுக்குப் போயி வாய் வழியா குழாய்ல கேமரா வுட்டுப் பாத்துடுங்க."

"கேமரா வுட என் வயிறு என்ன கல்யாண மண்டபமா?" என்றார் அண்ணன்.

பயம். மூட்டைக்குப் பயப்படாத மனுஷன் ஒரு குழாய்க்குப் பயந்தார். டவுனுக்குப் போகாமல் பாப்பாரப்பட்டிப் பக்கம் தொக்கம் எடுக்கப் போனார். சாப்பிட்டது வயிற்றில் ஒட்டிக்கொண்டது என்று உறிஞ்சி எடுப்பார்களே, அதுதான். நானும் அண்ணியும் கூடப் போனோம். தொக்கம் எடுக்கும் அம்மா வயிற்றை நீவி, ஊதி, உறிஞ்சி, தட்டில் எதையோ துப்பியது. பார்த்தால் கோழி எலும்பு.

அண்ணியின் முகம் மாறிவிட்டது. பேரப்பிள்ளை பிறக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு அண்ணன் அப்போது ஒரு வருடமாகக் கறியே தொடவில்லை.

"எங்கீங்க தின்னீங்க?"

"நான் எங்கடி தின்னேன்?"

"பின்ன, எலும்பு நடந்து போயி உள்ள பூந்துக்குச்சா? சாமிக்கு வேண்டிக்கிட்டு ஓட்டலுக்குப் போனா மருமவளுக்கு எப்படிங்க நிக்கும்?"

துப்பிய அம்மா மேல் எங்கள் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பொய்யே சொல்லாத மனுஷன் மேல்தான் வந்தது. அதற்கப்புறம் அண்ணி சோறு போட்டார், பேசவில்லை. எனக்கோ கோழியைப் பற்றிக் கவலை இல்லை. அந்தத் தார் நிறம்தான் மனதை அரித்தது. சமயம் பார்த்து அண்ணனிடம் போனேன்.

"ணா, நீ தின்னலன்னு எனக்குத் தெரியும். அண்ணிக்கு யாரு சொல்றது? ஆஸ்பத்திரில குழாய் வுட்டா உள்ள இருக்கறதெல்லாம் டிவில தெரியுதாம். கோழி இல்லன்னு டாக்டரே சொல்லிட்டா அண்ணி வாயத் தொறக்குமா?"

"நெசமாவா பாப்பா?"

"எலும்பு மிச்சம் இருந்துட்டா என்ன பண்ணுவ?"

"இருந்தா மொட்ட போட்டுக்கறேன். கெளம்பு!"

சாட்சிக்கு அண்ணியும் வந்தார். டவுன் ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்து முடித்து, டாக்டர் அண்ணனோடு வெளியே வந்ததும் அண்ணிதான் முதலில் கேட்டார்.

"கோழி இருக்குதுங்களா?"

டாக்டர் விழித்தார். "கோழியெல்லாம் இல்லீங்கம்மா. ஒரு புண்ணு இருக்குது. எனக்கு அது நல்லதாப் படல. துளி சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்கேன்."

"கேட்டியாடி, கோழி இல்லயாம்!" என்று அண்ணன் மார் நிமிர்த்தினார். அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

புற்றுநோய் என்று வந்தது. பரவுவதற்குள் பார்த்துவிட்டோம் என்றார்கள். வயிற்றில் ஒரு பாதியை எடுத்தார்கள். அதன் பிறகு அண்ணன் கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்கச் சாப்பிட்டார். "அரை வயித்துக்காரன் நாந்தான் ஊர்ல அதிக வேள திங்கறேன்" என்று பெருமை வேறு. பேரன் பிறந்தான். அவனைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிடும் வரை அண்ணன் இருந்தார். போன வருடம் தூக்கத்திலேயே மாரடைப்பில் போனார். வயிற்றின் மேல் பழி இல்லை.

நர்சம்மாவுக்கும், டாக்டர்களுக்கும், ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுத்த பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும், அலுக்காமல் வேளைக்கு வேளை ஆக்கிப்போட்ட அண்ணிக்கும், துக்கத்தில் வந்து நின்ற உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் கும்பிடு.

இன்றைக்குப் பந்தியில் யார் பாதியில் இலையை மூடுகிறீர்கள், யார் நெஞ்சைத் தடவுகிறீர்கள் என்று நான் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன். நாள்பட்ட தொந்தரவை "வெறும் கேஸ்தான்" என்று என்னிடம் சொல்ல வேண்டாம். அண்ணன் இருந்தால் கையைப் பிடித்து டவுன் பஸ்ஸில் ஏற்றியிருப்பார். அவர் இல்லை. திங்கட்கிழமை காலையில் நானே வருகிறேன், புறப்பட்டு நில்லுங்கள்.