என் ஃபோனில் வந்த நாலு டிக்கெட்

டிக்கெட் விற்கிற அன்று காலை மேடம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எல்லோருடைய ஃபோனும் வரிசையாக இருந்தது. மாவு பிசைந்துகொண்டிருந்த என்னிடமும் பாப்பா வந்து கையை நீட்டினாள்.

"ஆன்ட்டி, உங்க ஃபோனும் குடுங்க. எத்தனை ஃபோனோ அத்தனை சான்ஸ்."

பாப்பா மேடத்தின் மகள், காலேஜ் படிக்கிறாள். நான் அங்கே சமையல். என் வீடு இருக்கிற ஜோகுபாளையத்திலிருந்து நடந்தே போய்விடுவேன். யார் கச்சேரி என்று கேட்டேன். அவள் பாட்டுக்காரர் பெயரைச் சொன்னதும் கையை மாவிலேயே வைத்துக்கொண்டு நின்றுவிட்டேன். அந்தப் பாட்டுக்காரர் பாட வந்த காலத்திலிருந்து அவர் குரல் எனக்குப் பழக்கம். நேரில் ஒருதரம் கேட்க வேண்டும் என்று ஆசை. என் வீட்டுக்காரர் இருந்தபோது அவரிடம்கூட அதைச் சொன்னதில்லை. எனக்கு எதையும் கேட்க வாய் வராது.

ஃபோனுக்குள்ளேயே வரிசை இருக்கிறதாம். ரேஷன் கடை வரிசையில் ஓர் ஆள் ஓர் இடத்தில்தான் நிற்க முடியும். இந்த வரிசையில் ஒரே வீடு ஒவ்வொரு ஃபோனிலும் நின்றது. மற்ற ஃபோனெல்லாம் எங்கேயோ பின்னால் கிடக்க, என் மகன் கொடுத்த பழைய ஃபோன் முன்னால் போய்விட்டது. பாப்பா குதித்தாள். உடனே கத்தினாள்.

"அய்யோ, ரேட் ஏறுது!"

"அதே எடம்தானே பாப்பா?"

"ஆள் ஜாஸ்தி ஆன்ட்டி, அதான் ஏத்துறாங்க."

வரமகாலட்சுமி நோன்புக்கு முதல் நாள் மல்லிகை ஏறுகிற மாதிரி போலிருக்கிறது. ஆனால் பூ நாளைக்கு வாடிவிடும், விற்கிறவருக்கும் அவசரம். மைதானம் எங்கே வாடப்போகிறது? ஒரு டிக்கெட்டே என் சம்பளத்தில் பாதிக்குமேல் வந்தது. அவளுக்கும் மூன்று சிநேகிதிகளுக்கும் நாலு டிக்கெட் எடுத்தாள். படம் பிடித்து அனுப்பினால் செல்லாது, எடுத்த ஃபோனையே வாசலில் காட்ட வேண்டுமாம். என் ஃபோன் கச்சேரிக்குப் போவது என்று ஆயிற்று.

கொஞ்ச நாள் கழித்து ஒரு சிநேகிதி வரவில்லை என்று பாப்பா சொன்னது அடுக்களைக்குக் கேட்டது. அன்று குழம்பில் உப்புப் போட்டேனா என்று இரண்டு தடவை ருசி பார்த்தேன். நான் வரட்டுமா, விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொள் என்று கேட்டால் என்ன? வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்தேன். மறுநாள் கதவருகே போய், "மோர் வேணுமா பாப்பா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். அதற்கடுத்த நாள் ஒருவழியாக வாயைத் திறந்தேன்.

"பாப்பா, அந்த இன்னொரு டிக்கெட்டு..."

"அது நேத்தே போயிடுச்சு ஆன்ட்டி! டிரிபிள் ரேட்! ஏன், உங்க சன்னுக்கா?"

"இல்ல, சும்மாதான் கேட்டேன்" என்றேன்.

கச்சேரி அன்று ஃபோனோடு என்னையும் காரில் கூட்டிப்போனார்கள். முடிகிறவரை வெளியே இருந்து ஃபோனை வாங்கிக்கொண்டு போக வேண்டும். வாசலில் அந்த நாலாவது டிக்கெட்டை வாங்கியவர் காத்திருந்தார். கோலார் தங்கவயல்காரர், தினமும் ரயிலில் வந்து ஒரு கம்பெனியில் காவல் வேலை பார்ப்பவராம். யூனிஃபார்ம் பேன்ட்டுக்குமேல் புதுச் சட்டை.

"உங்க ஃபோன்லயாம்மா கெடச்சுது? கை ராசிம்மா உங்களுக்கு! நானும் காலைல இருந்து டிரை பண்ணேன், கடைசில எல்லாம் காலின்னுட்டான்."

அவர் காலையெல்லாம் வரிசையில் நின்றிருக்கிறார், ஒரே ஃபோனோடு. ஃபோனைக் கேட்டு பாப்பா கை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை.

"அவர்கிட்ட அதிகமா வாங்குனத திருப்பிக் குடுத்துடு பாப்பா. என் நம்பர்ல எடுத்தது."

சிநேகிதிகளில் ஒருத்தி சிரித்தாள். "ஏய், ஆன்ட்டி இன்னிக்கு ஃபுல் ஃபார்ம்ல இருக்காங்கடி!" பாப்பாவின் முகம் சிவந்துபோயிற்று.

"ஆன்ட்டி, நான் யாரையும் கட்டாயப்படுத்தல. அவர்தான் வேணும்னாரு."

நான் அவரைப் பார்த்தேன். எனக்காக ஒரு வார்த்தை சொல்வார் என்று நினைத்தேன். அவரோ பயந்துபோய் என் கையையே பார்த்தார்.

"அம்மா, உட்டுடுங்கம்மா. பிரச்சனை பண்ணாதீங்க. ஆரம்பிச்சிடப் போறாங்க, என்னை உள்ள போக வுடுங்கம்மா."

ஃபோனைக் கொடுத்துவிட்டேன். நாலு பேரும் போனார்கள். அவர் மட்டும் ஒருதரம் திரும்பி எனக்குக் கும்பிடு போட்டார்.

மேடத்திடம் பாப்பா என்ன சொல்வாளோ, நாளைக்கு வேலை இருக்குமோ என்று சுவரோரம் நடந்தேன். அந்தத் தங்கவயல்காரர்மேல் கோபமாகவும் வந்தது. ஆனால் அவருக்கு விற்குமுன் பாப்பா அந்த மூன்று மடங்கை என்னிடம் கேட்டிருந்தால், நானும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். அதை நினைத்தபோது இன்னும் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை.

பாட்டு ஆரம்பித்தது. சுவரைத் தாண்டி மேளச்சத்தம்தான் முதலில் வந்தது, அப்புறம் குரல். காதை அந்தப் பக்கம் வைத்து நின்றேன்.

"அம்மா, இல்லி நில்பேடி, முந்தே ஹோகி" என்று கன்னடத்தில் சொன்ன காவலர் ஒருவர், அங்கே நிற்காமல் முன்னால் போகும்படி கையாட்டினார். நகர்ந்தேன். பஸ் சத்தத்தில் சரணம் போய்விட்டது. அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் மறுபடி அதே இடத்துக்கு வந்து நின்றேன்.