பிரேக்குக்கு ஊற்றிய எஞ்சின் ஆயில்

பள்ளத்திலிருந்து இழுத்து வந்த லாரியின் பிரேக் மாஸ்டர் சிலிண்டரைத் திறந்து, ரப்பர் கப்பை வெளியே எடுத்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஊறப்போட்ட கொண்டைக்கடலை மாதிரி உப்பிக் கிடந்தது. பிரேக் ஆயில் இருக்க வேண்டிய இடத்தில் எஞ்சின் ஆயில். எனக்குப் பின்னால் ஜப்பான் ஆபீசர் நின்றுகொண்டிருந்தார்.

அது ஜப்பான்காரர்கள் ஆண்ட சண்டைக் காலம். நான் பெடாஸ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துப் பட்டறையில் பிட்டர். ஓடுகிற நிலையில் இருந்தது ஒரே லாரி. சயாமில் ரயில் பாதை போடக் கட்டாயமாகப் பிடித்த ஆட்களை அதில்தான் சிரம்பான் ஸ்டேஷனுக்கு ஏற்றிப் போவார்கள். ஓட்டியவன் என் தங்கை புருஷன் முனியாண்டி. ஸ்டியரிங் அவன் கையில் இருக்கும்வரை அவனைச் சயாமுக்குப் பிடிக்க மாட்டார்கள் என்பதே எங்கள் வீட்டுக்கு இருந்த ஒரே தைரியம்.

கடையில் பிரேக் ஆயில் கிடைக்காது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸரிடம் கெஞ்சி விளக்கெண்ணெயும் ஸ்பிரிட்டும் வாங்கி, சரிபாதி கலந்து ஒரு போத்தலில் வைத்திருந்தேன். விளக்கெண்ணெய் ரப்பரை ஒன்றும் செய்யாது. எஞ்சின் ஆயில் பட்டால் கப் உப்பிச் சிக்கிக்கொள்ளும், பிறகு பிரேக் பிடிக்காது. இது எனக்குத் தெரியும். முனியாண்டிக்குத் தெரியாது, நான் சொல்லிக் கொடுக்கவும் இல்லை.

முந்தின வாரம் நான் ஒரு எஞ்சினுக்கு அடியில் படுத்திருந்தபோது அவன் வந்தான்.

"மச்சான், பெடல் எறங்குது. என்னா ஊத்துறது?"

தலையை வெளியே நீட்டக்கூட எனக்குச் சோம்பல்.

"ஆயில் கொறஞ்சிருக்கும். ஊத்திக்கிட்டு கெளம்பு லா."

பட்டறையில் எல்லாரும் பிரேக்குக்கு ஊற்றுவதையும் ஆயில் என்றுதான் சொல்வோம். அவன் கண்ணில் பட்ட ஆயிலை ஊற்றிக்கொண்டு போய்விட்டான். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இது சறுக்கல் இல்லை, என் திமிர்.

ரெம்பாவ் பக்கம் ஆள் ஏற்றப் போனபோது ஓர் இறக்கத்தில் பிரேக் விட்டுவிட்டது. யாரும் சாகவில்லை. ஆனால் ஆபீசர் இது வேண்டுமென்றே செய்த வேலை என்றார். பட்டறை ஆட்களையும் முனியாண்டியையும் வெயிலில் முட்டி போட வைத்தார். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி, அவர் சொன்னதைத் தமிழில் கேட்டார்.

"இத யாரு ஊத்துனது, யாரு சொல்லி ஊத்துனதுன்னு கேக்குறாரு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். முனியாண்டி என் பக்கம் திரும்பவே இல்லை.

"நாந்தான் ஊத்துனேன். யாரும் சொல்லல."

ஸ்பிரிட் விட்டுக் குழாயெல்லாம் கழுவினேன். சுற்றிலும் ரப்பர் மரம், புதுக் கப் ஒன்றுக்கு வழியில்லை. உடைந்து கிடந்த இன்னொரு லாரியிலிருந்து கழற்றிப் போட்டேன். மறுநாள் வேறு டிரைவர் ஓட்ட, அதே லாரியில் முனியாண்டியைச் சயாமுக்கு ஏற்றிப் போனார்கள். நான் போட்ட பிரேக் நன்றாகவே பிடித்தது. அவன் திரும்பி வரவில்லை.

சண்டை முடிந்து பல வருஷம் கழித்துத் தங்கை கேட்டாள்.

"அண்ணே, அவருக்கு ஏன் அந்தப் புத்தி வந்துச்சு? ஒன்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

'கேட்டாரும்மா' என்ற ஒரு சொல் என் வாயில் வரவில்லை. புருஷனின் அவசரப் புத்திதான் குடியைக் கெடுத்தது என்று நம்பியே அவள் போய்ச் சேர்ந்தாள்.

பட்டறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பிரேக்குக்கு ஊற்றுவதை வெறுமனே ஆயில் என்று சொல்லாதீர்கள். எழுந்து போய்ச் சரியான போத்தலைக் கையில் எடுத்துக் கொடுங்கள். தப்பு நடந்துவிட்டால் அன்றைக்கே வாயைத் திறங்கள், வடித்துக் கழுவிவிடலாம். நான் இத்தனை வருஷம் கழித்துச் சொல்கிறேன். கேட்க வேண்டியவள் இல்லை.