லைன் வீட்டில் பிறந்த ஜனாதிபதி

அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி பிறந்த வீட்டை நானும் அப்பாவும் சேர்ந்துதான் கட்டினோம். ஏரியிலிருந்து அள்ளி வந்த களிமண், தீக்குச்சிகள், பழைய எண்ணெய் டின்னை வெட்டி எடுத்த தகரம், இவ்வளவுதான் தேவைப்பட்டது. அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. வயதுக்கு ஏழாம் வகுப்பில் இருந்திருக்க வேண்டும்.

ஏன் இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் கல்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கிறது. நிலம் உள்ளவர்கள் கரும்பும் மரவள்ளியும் போட்டார்கள். நிலம் இல்லாதவர்கள் அவர்களிடம் வேலைக்குப் போனோம். தீபாவளி முடிந்ததும் எஸ்டேட்டுக்கு ஆள் சேர்க்கிற மேஸ்திரி லாரி கொண்டுவருவார். மலையிலிருந்து இறங்கிய குடும்பங்கள் ஏற்கெனவே அதில் உட்கார்ந்திருக்கும். மீதி இடத்தில் நாங்கள் ஏறிக்கொள்வோம். சின்னசேலம் தாண்டி, சேலம் தாண்டி, குடகு மலையில் ஒரு காப்பி எஸ்டேட்டில் போய் இறங்குவோம். பழம் பறித்து முடித்துப் பங்குனியில்தான் திரும்புவோம்.

அங்கே வேலைக்காரர்களுக்கு நீளமாக ஒரே கூரை போட்டு, அதன்கீழ் வரிசையாக அறைகள் கட்டி விட்டிருப்பார்கள். குடும்பத்துக்கு ஓர் அறை. அதற்கு லைன் வீடு என்று பெயர். நான் பிறந்ததே அப்படி ஓர் அறையில்தான். பள்ளிக்கூடத்தில் பாதியில் காணாமல் போய், பரீட்சை நெருங்கும்போது வந்து நிற்கிற பெண் நான். திரும்பி வந்த புதிதில் பேச்சில் ஒன்றிரண்டு குடகு வார்த்தைகள் கலந்து வரும். பிள்ளைகள் சிரிப்பார்கள். அதனால் பேசுவதையே குறைத்துக்கொண்டேன். அந்தப் பழக்கம் இன்றுவரை விடவில்லை.

அந்த வருடம் குழந்தைகள் தினத்துக்குப் பள்ளியில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். தலைவர்கள் பிறந்து வளர்ந்த வீடுகளைப் பிள்ளைகள் மண்ணிலோ அட்டையிலோ செய்துகொண்டு வர வேண்டும். நம் நாட்டுத் தலைவர்களை முன்வரிசைப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். யாருக்கும் வாயில் நுழையாத பெயரோடு அமெரிக்காக்காரர் மிஞ்சினார். கடைசி வரிசையில் நான் மிஞ்சினேன். வகுப்பு வாத்தியார் எங்கள் இருவரையும் சேர்த்துவிட்டார்.

அவரைப் பற்றி வாத்தியார் நின்றபடியே நாலு வார்த்தை சொன்னார். பெரிய புகையிலை எஸ்டேட்டில் பிறந்தவர். பிறகு ஆற்றங்கரையில் இன்னொரு எஸ்டேட்டில் வளர்ந்தவர். பதினொரு வயதில் அப்பாவைப் பறிகொடுத்தவர். பள்ளிக்கூடம் போனது கொஞ்சம்தான். பின்னாளில் வெள்ளைக்கார ராஜாவோடு சண்டை போட்டு நாட்டை மீட்டு, முதல் ஜனாதிபதி ஆனார்.

எஸ்டேட்டில் பிறந்திருக்கிறார், ஓர் எஸ்டேட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போயிருக்கிறார், படிப்பு பாதியில் நின்றிருக்கிறது. வேறு என்ன அடையாளம் வேண்டும்? எஸ்டேட்டில் பிள்ளை பெறுகிறவர்கள் எங்களைப் போன்றவர்கள்தான். துரை வீட்டுப் பெண்கள் மைசூர் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார்கள். வகுப்பிலேயே அந்த மனிதரை நேரில் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்தேன்.

வீட்டில் அப்போது ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. இந்த முறை என்னை அத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போகும்படி நான் கேட்டிருந்தேன். அப்பாவின் அக்கா அடுத்த தெருவில் இருந்தாள். அவளும் சரி என்றுதான் சொன்னாள். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. தம்பிக்கு அப்போதுதான் நடை வந்திருந்தது.

"இவள வுட்டுட்டுப் போனா சின்னவன யாரு பாத்துப்பா? நான் பழம் பறிப்பனா, அவன் பின்னால ஓடிக்கினு இருப்பனா? படிச்சி இன்னா கிழிக்கப் போறா? எஸ்டேட்ல பொறந்தது எஸ்டேட்டுக்குத்தான்."

அம்மா சொன்னதில் தப்பில்லை. பதில் சொல்ல எனக்கும் ஒன்றும் இருந்ததில்லை. அன்றைக்கு இருந்தது.

"எஸ்டேட்ல பொறந்த ஒருத்தரு அமெரிக்காவுக்கு ஜனாதிபதி ஆயிக்கிறாரும்மா."

பீடி பற்றவைக்கப் போன அப்பா குச்சியை அணைத்துவிட்டுத் திரும்பினார். "யாரு?"

சொன்னேன். வாத்தியார் சொன்னதையெல்லாம் சொன்னேன். அவர் சொல்லாத லைன் வீட்டை நான் சேர்த்துக்கொண்டேன். பொய் சொல்வதாகத் தோன்றவில்லை. எஸ்டேட் என்றால் அதற்குள் அதுவும் அடக்கம்தானே.

அதுவரை என் படிப்பைப் பற்றி அப்பா ஒரு வார்த்தை பேசியவரில்லை. மறுநாள் ஏரிக்குப் போய் மண் கொண்டுவந்தவர் அவர்தான். குழைத்ததும் அவரே. ஒரு பலகைமேல் சுவர் வைக்க ஆரம்பித்தபின் என்னைத் தொடவே விடவில்லை. "பைப்பு வாசல்ல இல்ல கண்ணு, அந்தாண்ட கடைசில. பொம்பளைங்க சண்ட போட எடம் வேணாமா?" என்று தண்ணீர்க் குழாயை வைத்தார். அடுப்புப் புகை படிந்த மாதிரி ஒவ்வொரு அறை வாசலிலும் கரியைத் தேய்த்தார். காலையில் ஆளைக் கூப்பிட அடிக்கிற தண்டவாளத் துண்டுக்குப் பதிலாக ஓர் ஆணியை நூலில் கட்டித் தொங்கவிட்டார். புகையிலைச் செடிக்கு முற்றத்து முள்ளங்கி இலை போதும் என்று முடிவானது. ஜனாதிபதி எந்த அறையில் பிறந்தார் என்பதில்தான் கொஞ்சம் யோசித்தார். மூன்றாவது என்று சொல்லி அந்த வாசலில் மட்டும் சுண்ணாம்பால் பொட்டு வைத்தார். நான் பிறந்தது மூன்றாவது அறையில்.

"பங்களா வேணாமாப்பா?" என்று கேட்டேன்.

கைநிறைய இருந்த மண்ணில் ஒரு சிட்டிகை கிள்ளி, சதுரமாக்கி, பலகையின் ஓரத்தில் ஒரு செங்கல்லின்மேல் ஒட்டினார். கீழே லைன் வீட்டிலிருந்து நாங்கள் துரையின் பங்களாவைப் பார்த்த அளவு அதுதான்.

விஷயம் டீக்கடைக்கும் போய்விட்டது. நான் பால் வாங்கப் போனபோது அப்பா நடுவில் நின்று பேசிக்கொண்டிருந்தார்.

"இன்னாப்பா, உம் பொண்ணு எப்போ அமெரிக்காவுக்குக் கெளம்புது? நம்ப ஊருக்கு ஒரு பஸ்சு வுடச் சொல்லு" என்றார் கடைக்காரர்.

"சிரி, நல்லா சிரி. அந்த மனுசனையும் இப்பிடித்தான் நாலு பேரு சிரிச்சிக்கினு இருந்துருப்பானுங்க."

"உனக்கு அவரு பங்காளியா, மாமன் மச்சானா?"

"லைன் வூட்டுக்காரன் எல்லாம் ஒரே சாதிதான்யா. உனுக்குத் தெரியாது, நீ டீ ஆத்து."

கண்காட்சி அன்றைக்கு அப்பா வேலைக்குப் போகவில்லை. தலைக்குக் குளித்து, துவைத்த சட்டை போட்டு, பலகையைத் தானே தலையில் வைத்துக்கொண்டு என்னோடு வந்தார். சாயங்காலம் மேஸ்திரி லாரியோடு வந்துவிடுவார். மூட்டைகள் கட்டியாகிவிட்டன. என் துணியும் அம்மாவின் மூட்டைக்குள்தான் இருந்தது. "மொதல்ல வாத்தியாரு வாயால கேட்டுக்கினு வாய்யா, அப்புறம் பாக்கலாம்" என்று அம்மா அப்பாவிடம் சொல்லியிருந்தாள். அதனால் அன்று அவர் வந்தது கண்காட்சி பார்க்க மட்டுமல்ல.

மற்றப் பிள்ளைகளின் வீடுகளுக்கு மாடி இருந்தது, வர்ணக் காகிதம் ஒட்டிய ஜன்னல் இருந்தது. பெரிய வாத்தியார் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து எங்களுடையதன்முன் நின்றார்.

"இது என்ன, மாட்டுக் கொட்டாயா?"

எல்லாரும் சிரித்தார்கள். பதில் சொல்ல வேண்டியவள் நான். சுவரோரம் நின்ற அப்பா முன்னால் வந்தார்.

"லைன் வூடுங்க சார். பொட்டு வச்சிக்கிது பாருங்க, இந்த ரூம்புலதான் அவரு பொறந்தாருங்க."

பெரிய வாத்தியார் எங்கள் வகுப்பு வாத்தியாரைத் திரும்பிப் பார்த்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். வகுப்பு வாத்தியார் நல்லவர். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"இல்லைங்க. அந்த எஸ்டேட்டே அவங்க குடும்பத்தோடதுதான். அவர் பொறந்தது பங்களா வீட்ல. வேலை செஞ்ச ஆளுங்கதான் இந்த மாதிரி குடிசையில இருந்தவங்க. அவங்ககூட கூலிக்கு வந்தவங்க இல்ல. வெலைக்கு வாங்கினவங்க."

"வெலைக்குன்னா?"

"நம்ம மாடு வாங்கறோம் இல்ல, அந்த மாதிரி."

அப்பா கொஞ்சநேரம் செங்கல்லின்மேல் இருந்த சிட்டிகை மண்ணையே பார்த்தார். "அவருக்கு அப்பா செத்துட்டாருன்னு பொண்ணு சொல்லிச்சிங்களே."

"செத்துட்டார். அப்போ எஸ்டேட்டு இவர் பங்குக்கு வந்துது. ஆளுங்கள்லயும் சில பேர் இவர் பங்குக்கு வந்தாங்க."

"பதினோரு வயசுப் புள்ளைக்கா?"

"ஆமாங்க."

நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். வாத்தியார் சொன்ன எல்லாமே எனக்கு நன்றாக விளங்கியது. நான் செய்த தப்பு என்ன என்பதும் விளங்கியது. வாத்தியார், "இருக்கட்டும்மா, வேலைப்பாடு நல்லா இருக்கு" என்று சொல்லிப் பலகையை மேசையின் ஓரத்துக்கு நகர்த்தி வைத்தார். அப்பா கிளம்பினார். வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

"சார், அந்த வெலைக்கு வாங்கின ஆளுங்க புள்ளைங்க, அதுங்க எதுனா படிச்சுதுங்களா?"

"எங்கிருந்துங்க. அவங்களுக்கு யார் சொல்லிக் குடுப்பாங்க? ஏதோ லட்சத்துல ஒண்ணு."

அப்பா தலையாட்டினார். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வரும் வழியில் அவர் முன்னால் நடந்தார். நான் பின்னால் நடந்தேன். டீக்கடைக்காரர் ஏதோ கேட்டார். அப்பா கையை மட்டும் காட்டிவிட்டுப் போனார். எனக்கு எல்லாம் முடிந்துவிட்டது. அந்தத் தலைவர் எங்கள் ஆள் இல்லை. அவர் எங்கள் ஆள் இல்லையென்றால் அம்மாவுக்குச் சொல்ல என்னிடம் ஒரு காரணமும் இல்லை. கணக்கு அவ்வளவு நேராக இருந்தது. அழுகைகூட வரவில்லை. தம்பியைத் தூக்கிக்கொள்ள எந்த இடுப்பு தோது என்று யோசித்துக்கொண்டே நடந்தேன்.

வாசலில் லாரி நின்றிருந்தது. மேஸ்திரி வண்டிக்குக் கீழே நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வா வா, கை வேகமான பொண்ணாச்சே. ஏறு மேல" என்றார். அம்மா மூட்டையின்மேல் உட்கார்ந்து தம்பிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள்.

"இன்னாய்யா சொன்னாரு வாத்தியாரு?"

"சொன்னாரு" என்றார் அப்பா. மேஸ்திரிக்கும் கேட்கட்டும் என்கிற மாதிரி சத்தமாகவே சொன்னார். "புகையிலை எஸ்டேட்டு லைன் வூட்லதான் பொறந்தாராம். நம்ப குடகவிட அங்க குளிரு ஜாஸ்தியாம். போத்திக்க ஒரு கம்பளிகூட கெடையாதாம். அவங்க அம்மா ஒத்தப் பொம்பளயா பழம் பறிச்சிக்கினு, கைப்புள்ளய மரத்துல தூளி கட்டிப் போட்டுட்டு, இவர மட்டும் ஊர்ல வுட்டுப் படிக்க வச்சாங்களாம்."

"புகையிலைல ஏதுய்யா பழம்?" என்றார் மேஸ்திரி.

"அந்த ஊர்ல உண்டாம்."

மேஸ்திரி சிரித்தார். "வாத்தியாரேவா சொன்னாரு?"

"பெரிய வாத்தியாரே சொன்னாரு."

"இல்லப்பா, சாரு சொன்னது..." என்று ஆரம்பித்தேன்.

"நீ போயி அத்தைய இட்டுக்கினு வாம்மா" என்றார் அப்பா. அவர் என்னைப் பார்க்கவில்லை.

அம்மா தம்பியின் வாயைத் துடைத்துவிட்டாள். அப்புறம் எழுந்து மூட்டையை அவிழ்த்து, என் பாவாடைகளையும் சட்டைகளையும் மட்டும் எடுத்து மடித்து வெளியே வைத்தாள். ஒரு பழைய புடவையை மூட்டைக்குள் திணித்துக் கட்டினாள். தூளிக்கு என்று நினைக்கிறேன்.

அந்த வருடம் முதல்முறையாக நான் பள்ளிக்கூடத்தில் முழுதாக இருந்தேன். அதற்கப்புறமும் லாரி வந்தது, போனது. பத்தாம் வகுப்புவரை நான் ஏறவில்லை.

அன்று லாரி புறப்பட்டபோது அப்பா பின்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அத்தை கையாட்டச் சொன்னாள், ஆட்டினேன். எனக்கு மனசெல்லாம் வேறு கவலை. அப்பா படிக்காதவர். வாத்தியார் அவ்வளவு தெளிவாகச் சொல்லியும் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லையே, எஸ்டேட்டில் போய் இதையே எல்லாரிடமும் தப்பும் தவறுமாகச் சொல்வாரே, விவரம் தெரிந்தவர்கள் சிரிப்பார்களே என்று இருந்தது. பங்குனியில் திரும்பி வந்ததும் அப்பாவை உட்காரவைத்து, நிதானமாக, அவருக்குப் புரிகிற மாதிரி நானே விளக்கிச் சொல்ல வேண்டும் என்று முடிவுசெய்துகொண்டேன்.