உறுமாமல் கிளம்பிய வண்டி

ஆய்வகத்தில் அவளை எல்லாரும் உறுமலக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். மருத்துவமனைகளிலிருந்து ரத்த மாதிரிகளைப் பெட்டியில் வாங்கிவரும் வேலை. பன்னிரண்டு வருஷம் கணவரின் பழைய வண்டியை ஓட்டியவள். உதைத்து, முறுக்கி, தெருவையே எழுப்பி, ஐந்து நிமிஷம் சூடாக்கிய பிறகுதான் நகர்வாள். அந்த வண்டிக்கு அதுதான் மரியாதை.

ஆய்வகம் கொடுத்த புது வண்டிக்கு இந்த மரியாதை பிடிக்கவில்லை. சாவியைத் திருப்பின கையோடு பட்டனை அமுக்கி, ஆக்ஸிலரேட்டரை முறுக்குவாள். அது இருமும், அணையும். ஒரே வாரத்தில் மூன்று நாள் தாமதம். மேலாளர் பொறுமைசாலிதான், ஆனால் எடுத்த ரத்தம் காத்திருக்காதே.

“நாளைக்கும் லேட்டாச்சுன்னா வண்டிய வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்க்கா. தப்பா நினைச்சுக்காதீங்க.”

கணவர் போன பிறகு அவள் யார் கையையும் எதிர்பார்க்காமல் நிற்பது இந்த வேலையால்தான். மெக்கானிக்கிடம் ஓடினாள்.

“சாவியத் திருப்பினதும் டேங்குக்குள்ள இருக்குற பெட்ரோல் பம்பு ‘ஙொய்’னு ஒரு சத்தம் போடும்க்கா. அது நின்னப்புறம் பட்டன அமுக்குங்க. முறுக்கவே கூடாது. நின்னு சூடாக்கவும் வேண்டாம், கிளம்பி கொஞ்ச தூரம் மெதுவா போங்க, போதும்.”

“எனக்கு ஒருநாளும் அப்படிச் சத்தம் கேட்டதில்லையே தம்பி. பம்பு செத்துப்போச்சோ?”

“செத்திருந்தா வண்டி இங்க எப்படிக்கா வந்துச்சு?” என்று சிரித்தான்.

மறுநாள் காலை ஆய்வக முற்றத்தில் சாவியைத் திருப்பிக் காதைத் தீட்டிக்கொண்டாள். ஒன்றும் கேட்கவில்லை. வேலை போச்சு என்றே நினைத்தாள். கண் கலங்கியது, துடைக்க ஹெல்மெட்டைக் கழற்றினாள். அப்போதுதான் உறைத்தது. ஹெல்மெட் மாட்டாமல் வண்டியையே தொடாதவள் அவள். அத்தனை பஞ்சுக்குள் காதைப் பொத்திவைத்துக்கொண்டால் பம்பு எப்படிக் கேட்கும்!

சாவியை அணைத்து மறுபடி திருப்பினாள். ஙொய். கேட்டது, நின்றது. ஹெல்மெட்டை மாட்டிப் பட்டியைப் போட்டாள். வலது கை பழக்கத்தில் முறுக்கத் துடித்தது. கட்டைவிரலை மட்டும் அனுப்பினாள். வண்டி ஒரே அமுக்கில் பிடித்துக்கொண்டது. பூனை மாதிரி வெளியே நகர்ந்தாள்.

வாசலைத் தாண்டும்போது கண்ணாடியில் பார்த்தாள். உறுமல் கேட்காததால் இன்றைக்கும் கிளம்பவில்லை என்று முடிவுகட்டி, சாவியை வாங்க மேலாளர் கையை நீட்டிக்கொண்டே வெளியே வந்திருந்தார். வண்டி நின்ற இடம் காலி. நீட்டிய கையால் தலையைச் சொறிந்துகொண்டார்.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சந்தோஷத்தில் ஒரு முறுக்கு முறுக்கலாம் போலிருந்தது. இன்ஜின் இன்னும் சூடாகவில்லை, தெருமுனைவரை அடக்கிக்கொண்டாள்.